கை போகிறது, கர்சர் வரமாட்டேன் என்கிறது

மவுஸ் கர்சர் இழுக்கிறது, திக்குகிறது, பின்தங்குகிறது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். 'லேக்' என்று எல்லாரும் ஒரே பெயர் சொன்னாலும், படித்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சிக்கல்.

சார், புது வயர்லெஸ் மவுஸ், பேட்டரியும் புதுசு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் கல்யாண வீடியோ காப்பி போடும்போது மட்டும் கர்சர் விட்டு விட்டு ஓடுகிறது. மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

வேண்டாம். 'காப்பி போடும்போது மட்டும்' என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. டாங்கிளை, அதாவது மவுஸோடு வந்த குட்டி ரிசீவரை, ஹார்ட் டிஸ்கை ஒட்டிய நீல நிற போர்ட்டில் சொருகியிருப்பீர்கள். யுஎஸ்பி 3.0 வேகத்தில் டேட்டா ஓடும்போது அந்தக் கனெக்டரும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். உங்கள் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளைத் தள்ளியிருக்கும் கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அப்படி போர்ட் இல்லையென்றால், ஒரு முழ நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள், போதும். இது தெரியாத காலத்தில் ஒருவருடைய மெஷினை ஃபார்மேட்டே அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் மறுநாளே திரும்பி வந்து நின்றார்.

அண்ணா, விண்டோஸில் கர்சர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு விண்டோவைப் பிடித்து வேகமாக இழுத்தால் அது ரப்பர் மாதிரி பின்னாலேயே வருகிறது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

போகவில்லை தம்பி, எல்லா மெஷினிலும் அப்படித்தான். கர்சரும் விண்டோவும் திரைக்கு வரும் வழியே வேறு.

பொதுவாக கர்சரை டெஸ்க்டாப் படத்தோடு சேர்த்து வரைவதில்லை. கிராபிக்ஸ் சிப்பில் அதற்கென்று தனியாக ஒரு சின்ன அடுக்கு உண்டு. அம்புப் படத்தை ஒருமுறை அதில் ஏற்றிவிட்டால், அதன்பின் 'இங்கே வை, அங்கே வை' என்று இடத்தை மட்டும் சொன்னால் போதும். 1985ல் வந்த அமிகா கம்ப்யூட்டரிலேயே கர்சர் இப்படி ஒரு ஹார்ட்வேர் ஸ்பிரைட்தான்.

விண்டோவின் கதை வேறு. மவுஸ் நகர்ந்த சேதி அந்த புரோகிராமுக்குப் போக வேண்டும், அது புது இடத்தைச் சொல்ல வேண்டும், கம்பாசிட்டர் என்ற புரோகிராம் எல்லா விண்டோக்களையும் அடுக்கி ஒரே படமாக்க வேண்டும். அந்தப் படம் திரையின் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்துதான் வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு சுற்று என்பது 16.7 மில்லிசெகண்ட். கர்சரைவிட ஒன்றிரண்டு சுற்று பின்தங்கினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். விண்டோஸில் இந்தக் கம்பாசிட்டர் விஸ்டாவோடு வந்தது. விண்டோஸ் 7 வரை ஏரோ என்ற கண்ணாடித் தோற்றத்தை அணைத்து அதிலிருந்து தப்பிக்கலாம். 8ல் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சுற்று 6.9 மில்லிசெகண்டாகக் குறைவதால் இடைவெளியும் சுருங்கும். ஆனாலும் அடியோடு போகாது.

மேலே கேட்டவனேதான் அண்ணா. அப்படியானால் மெஷின் உறைந்து கிடக்கும்போதும் கர்சர் மட்டும் ஓடுவது இதனால்தானா?

சரியாகப் பிடித்தீர்கள். புரோகிராம் தொங்கினாலும் கர்சரை நகர்த்தும் வேலை வேறிடத்தில் நடந்துகொண்டிருக்கும். லினக்ஸ் பக்கம் இதற்காகவே மெனக்கெட்டார்கள். 2016ல், திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ் சர்வரின் 1.19 பதிப்பு, மவுஸ், கீபோர்டு உள்ளீட்டைத் தனி இழைக்கு (த்ரெட்) மாற்றியது, மற்ற வேலை நின்றாலும் இது ஓடும். 2023ல் க்னோம் டெஸ்க்டாப்பின் 45ஆம் பதிப்பு திரைக்கு அனுப்பும் வேலையையும் தனி இழைக்குக் கொண்டுபோனது.

அதனால் கர்சரே திக்கினால் கோளாறு இன்னும் கீழே இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது சுழியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். ஏறி உட்கார்ந்திருந்தால் ஏதோ ஒரு டிரைவர் பிராசசரைப் பிடித்துவைத்திருக்கிறது. லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று காட்டிக்கொடுக்கும். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான் மாட்டும்.

உபுண்டு லேப்டாப். மவுஸைச் சில நொடி தொடாமல் இருந்துவிட்டு நகர்த்தினால் அது விழித்துக்கொள்ளவே நேரம் ஆகிறது.

பேட்டரி மிச்சமாகும் என்று பவர்டாப் போட்டிருப்பீர்களே? யுஎஸ்பி மவுஸைத் தூங்கவைப்பது அதுதான். பவர்டாப்பில் 'டியூனபிள்ஸ்' பக்கத்துக்குப் போனால் உங்கள் மவுஸின் பெயருக்கு எதிரே 'குட்' என்றிருக்கும். என்டர் தட்டி அதை 'பேட்' ஆக்குங்கள். அதற்கு எது பேடோ அதுதான் நமக்கு குட்! ரீஸ்டார்ட் செய்தால் இந்த மாற்றம் நிலைக்காது. 'ஆட்டோ டியூன்' சர்வீஸ் ஓடினால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

புது 4கே மானிட்டரை என் பழைய லேப்டாப்பில் மாட்டினேன். கர்சர் தத்தித் தத்திப் போகிறது. லேப்டாப் திரையில் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைப் பாருங்கள், 30 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை அதற்கு மேல் வேகமாக அனுப்பாது. ரெசல்யூஷனைக் குறைத்து 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். லேப்டாப்பில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள்.

டிவியை மானிட்டராக வைத்திருக்கிறேன். எல்லாமே அரை நொடி கழித்து நடக்கிற மாதிரி...

டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதற்குத்தான் அந்த நேரம். ரிமோட்டில் 'கேம் மோட்' போடுங்கள்.

ப்ரோ, 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா? இப்போது இருப்பது சாதா மவுஸ், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

காசை மானிட்டரில் போடுங்கள். சாதா மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைச் சொல்கிறது. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்ட். இதுவரை லாபம் உண்டு. 8000க்குப் போனால் மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. உங்கள் திரையோ 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. பழைய பிராசசராக இருந்தால் அத்தனை சேதிகளை வாங்கிச் சமாளிப்பதே அதற்குச் சுமையாகி, கேம் திக்க ஆரம்பிக்கும்.

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணாடி மேசையில் வைத்துத்தான் மவுஸைப் பயன்படுத்துகிறேன். கர்சர் சில நேரம் நிற்கிறது, சில நேரம் துள்ளுகிறது. விண்டோஸை மறுபடி போட வேண்டும் என்கிறான் பேரன்.

பேரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. மவுஸின் அடியில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. மேசைப்பரப்பைப் படம் படமாக எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. தெளிவான கண்ணாடியில் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. பழைய செய்தித்தாள் ஒன்றை நான்காக மடித்து அடியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் துள்ளினால் மவுஸைத் திருப்பி, வெளிச்சம் வரும் குழிக்குள் தலைமுடி ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்து ஊதிவிடுங்கள்.