நாவல் எழுதும் உறவினர் மீது பொறாமை வருகிறது, என்ன செய்வது?

நீங்களும் நாவல் எழுத முயல்கிறீர்கள், உங்கள் உறவினரும் முயல்கிறார், அவரைப் பார்த்தால் வயிறு எரிகிறது, இது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்போ சரியோ, நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பங்காளிக் காய்ச்சல். எனக்கு அது வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

நாங்கள் காசிமேட்டுக்காரர்கள். நான் துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். என் சித்தப்பா மகன் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறான். என்னைவிட ஆறு வயது சின்னவன். ஒவ்வொரு ஜனவரியும் நந்தனம் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்துதான் போவோம். பதினோரு வருடமாக நான் நாவல் 'எழுதிக்கொண்டிருக்கிறேன்'. கையிருப்பு மூன்று நோட்டு, ஒரு தலைப்பு, அப்புறம் புத்தகத்தை யாருக்குச் சமர்ப்பணம் செய்வது என்கிற தெளிவான முடிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 212 பக்கத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். "முதல்ல நீதாண்ணா படிக்கணும்."

பெரிய எழுத்தாளர்கள் மீது எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. அவர்கள் யாரோ. இவன் என்னோடு ஒரே ஆயா கையால் சோறு தின்றவன். அவன் நாவலும் அந்த ஆயாவைப் பற்றித்தான்.

2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, மீன் விற்கப் போன ஆயா இடுப்பு வரை நனைந்து வீட்டுக்கு வந்தது. பேசவில்லை, அழவில்லை. சுருக்குப் பையிலிருந்த நோட்டுகளைச் சாக்கின் மேல் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தது. என் நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு இதைத்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இவன் 180-ஆம் பக்கத்தில் எழுதிவிட்டான். திருடிவிட்டானே என்று கொதித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால், பெரிய பேரன் வருகிறான். ஒரே ஒரு கொட்டையைத் தூக்குகிறான், அடியிலிருந்த ஐம்பது ரூபாயை எடுக்கிறான், கொட்டையை அதே இடத்தில் திரும்ப வைக்கிறான்.

பெரிய பேரன் நான்தான். பத்தொன்பது வயது. ஆயா சாகும்வரை அதற்குத் தெரியாது. பதிமூன்று வயதில் இவன் எங்கிருந்து பார்த்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என் மூன்று நோட்டிலும் புளியங்கொட்டை இருக்கிறது, அந்த ஐம்பது ரூபாய் இல்லை.

அதன் பிறகு நான் செய்தது அல்பம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தப்புத் தேடினேன். கிடைத்தது. கதாநாயகன் விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்க, அவன் ஆட்டோ ஓட்டுகிறான், அங்கேதான் காதல். தடையின் 58-ஆம் நாள் இருவருக்கும் பெரிய சண்டை. கதை நடப்பதோ 2004-இல். அப்போது தடை 45 நாள்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 61 நாள் ஆனது 2017-இலிருந்து. காசிமேட்டில் பிறந்தவனுக்கு இது தெரிய வேண்டாமா? 58-ஆம் நாள் அவன் நடுக்கடலில் இருக்க வேண்டியவன். மூன்று அத்தியாயம் காலி.

அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூன்று வாரம் அவனிடம் சொல்லவும் இல்லை. அவன் போன் செய்தால் "ஆபீஸ்ல வேலைடா, பாதிதான் படிச்சேன்" என்பேன். அச்சான பிறகு யாராவது பிடிக்கட்டும் என்றிருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை: மனதார வாழ்த்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வராது. ஆனால் அவர் எழுதியதை வரி விடாமல் படியுங்கள். பொறாமைக்காரனைப்போல் கவனமாக யாரும் படிக்க மாட்டார்கள். படித்ததை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள், அது புளிக்கும்.

கடைசியில் ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் வைத்துச் சொன்னேன். முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் அதைப் பார்க்கத்தான் நேரில் போனேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினான். "அப்போ அந்தப் பதினாறு நாளும் அவன் கடல்லயாண்ணா இருக்கான்?"

"ஆமா."

"சரி, அப்போ அவ சண்டை போட வரட்டும். படகு இருக்காது."

போன வாரம் திருத்திய அத்தியாயங்களை அனுப்பினான். விடியாத நேரத்தில் அவள் ஏலம் நடக்கும் இடத்துக்கு வருகிறாள். ஒவ்வொரு படகாக அவன் படகின் நம்பரைத் தேடுகிறாள். சண்டைக்கு ஆளில்லை. கடைசியில் ஒரு கூடை மத்தியை ஏலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

பழைய சண்டையைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. அந்த 45 நாளைச் சொன்னது நான். வயிறு மறுபடி எரிகிறது.