கடவுள் ஆளுகிறார் என்று நம்புகிறவருக்கு நாளையைப் பற்றிப் பயம் வரலாமா?

கேட்டவர் எழுதியது இதுதான்: எல்லாம் கடவுளின் ஆளுகைக்குள் இருக்கிறது என்று நம்பியும், வேலை, கடன், பிள்ளைகள் என்று யோசித்து இரவில் நித்திரை வருவதில்லை. என் விசுவாசம் குறைவா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பயம் வரலாம், வரும். அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது 56ஆம் சங்கீதம். பயம் தெளிந்த பிறகு நம்புகிறேன் என்று தாவீது தவணை கேட்கவில்லை. கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டார். நமக்கு வந்தால் என்ன?

நான் மட்டக்களப்பு, மெதடிஸ்த சபை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. மாரி மழையை நம்பிப் பெரும்போக நெல் செய்கிற வீட்டில் பயத்துக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. விதைக்கிற நேரம் மழை வேண்டும், மார்கழியில் அளவோடு வேண்டும், நெல் வெட்டு நெருங்கினால் வேண்டவே வேண்டாம். 2011 ஜனவரியில் வெட்டுக்குக் கிட்ட நின்ற வேளாண்மை வெள்ளத்துக்குள் போனது. அது வடிந்து மூச்சு விடுவதற்குள் பெப்ரவரியில் திரும்பவும் வெள்ளம். 2021இல் வானம் ஒன்றும் செய்யவில்லை, அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியது. பயிர் மஞ்சளாக நின்றது. இன்றைக்கும் உன்னிச்சைக் குளம் நிரம்பி வான்கதவைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்காது.

ஆண்டவர் எப்படியும் வேளாண்மையைக் காப்பாற்றித் தருவார் என்பதுதான் விசுவாசம் என்றால், என்னுடையது 2011இலேயே வெள்ளத்தோடு போயிருக்கும். வயல் தோற்றவர்கள் ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தை வாசிக்க வேண்டும். அத்தி துளிர்க்காது, வயல் விளையாது, தொழுவத்தில் மாடு இராது, ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார் அவர். அடுத்த போகம் நன்றாக விளையும் என்று ஆறுதலுக்குக்கூட ஒரு வரி சேர்க்கவில்லை. தானியேலில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று பேரும் அப்படித்தான்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம். அந்த ‘போனாலும்’ வரைக்கும் வர எனக்கு நிறைய வருஷம் எடுத்தது. எல்லா நாளும் அங்கே நிற்கிறேன் என்றும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது வாயை அளந்து பேச வேண்டும். சுனாமிக்குப் பிறகு, “கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்” என்று சாட்சி சொன்னவர்களுக்குப் பக்கத்து வாங்கில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அந்த வீடுகளுக்குப் போய் “தேவ சித்தம்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். கடவுள் ஆளுகிறார் என்பது என் பயத்துக்கு நான் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவரின் இழவு வீட்டில் விளக்கமாகச் சொல்ல அதை எடுக்கக்கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் சும்மா கூட இருந்தவரைக்கும் நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள்.

சரி, எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், இரவில் வருகிற பயத்தை என்னால் ஏதாவது செய்யக்கூடியதா என்று முதலில் பார்ப்பேன். வாய்க்கால் அடைத்திருக்கிறதா, விடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டவிதானையிடம் சொல்ல வேண்டும். மழை பெய்யுமா, அது என் கையில் இல்லை. தம்பி கட்டாரில், அங்கே என்ன நடக்குமோ, அதுவும் இல்லை. கையில் இல்லாததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபத்தில் சொல்லிவிடுவேன். பொதுவாக ‘எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்று ஜெபித்தால் எனக்கு நித்திரை வராது, அது என் குணம். எங்கள் வயலுக்குப் பக்கத்தில் செய்கிற ஏறாவூர்க் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், “ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுட்டு அல்லாஹ்வை நம்பச் சொல்லித்தானே தங்கச்சி நபியே சொல்லியிருக்கார்” என்பார். வரம்பை உயர்த்திக் கட்டிக்கொண்டேதான் சொல்வார்.

உங்கள் கடனைப் பற்றி விபரம் எழுதவில்லை. நுண்கடன் என்றால், ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுக்க வேண்டாம். தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசிப் பாருங்கள். நித்திரை இல்லாமல் வாரக்கணக்காகிவிட்டது என்றால் வைத்தியரிடமும் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதகரிடம் ஜெபிக்கச் சொல்வதும் மாத்திரை எடுப்பதும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது.