புரோக்கர் சொல்லும் கெடுவுக்குப் பயப்படாதீர்கள்

கேள்வி: என் 9 வயது மகளுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. மூளையில் ஏ.வி.எம். (ரத்தக்குழாய் முடிச்சு), ரத்தம் கசியவில்லை என்று எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. ஸ்கேன் சென்டரில் பழக்கமான ஒருவர், இரண்டு நாளில் ஓர் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டாவிட்டால் வெடித்துவிடும் என்கிறார். என்ன செய்வது? - புதுவயல் வாசகி

பதில்: முதலில் அந்த ஆளின் போனை எடுக்காதீர்கள். அவருக்குக் கமிஷன்தான் அவசரம்.

தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியாக வேகம் தணிந்துதான் சிரைக்குள் போக வேண்டும். உங்கள் மகளுக்கு ஓரிடத்தில் அந்த நுண்குழாய்கள் இல்லாமல் நேரே பாய்கிறது. இது பெரும்பாலும் பிறவிக் கோளாறு. கண்ணேறும் இல்லை, நீங்கள் செய்த தவறும் இல்லை. ஓர் ஆண்டில் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 4 என்பது பொதுக்கணக்கு. இதுவரை கசியாததற்கு அதைவிடக் குறைவு. ஆனால் அவளுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது, அப்படியே விட்டுவிடவும் முடியாது. சில வாரங்களில் நிதானமாக முடிவெடுங்கள்.

ஆபரேஷன், குழாய் வழியாகப் பசை செலுத்தி அடைப்பது, கதிர்வீச்சு என்று மூன்று வழி. கதிர்வீச்சில் அடைபட 2, 3 ஆண்டுகள்கூட ஆகும். எது சரி என்பது தொடை வழியாகக் குழாய் விட்டு மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோவில்தான் தெரியும். அதைப் பார்க்காமலே 'பேக்கேஜ்' பேசுகிறவரை எப்படி நம்புவது?

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவில் காட்டுங்கள். பெரிய இடம் தேவைப்பட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. இருக்கின்றன. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

ஸ்கேன் சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். ஓர் அப்பா பஸ் வெயிலில் சுருண்ட ஃபிலிமை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் முடிச்சு தெரிந்தது, எந்தக் குழாய் உள்ளே போகிறது என்பது தெரியவில்லை. சி.டி. தராததால் அந்தக் குழந்தையை மறுபடி மெஷினுக்குள் படுக்கவைத்தோம். காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்தைக் கொடுக்க இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். பள்ளிக்குப் போகட்டும், ஊருணியில் தனியாகக் குளிக்க விடாதீர்கள். திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, மயக்கம், ஒரு பக்கம் பலவீனம் என்றால் 108.

நிதானம் என்றேன், முதுகுத்தண்டில் இதே கோளாறு இருந்தால் அது பொருந்தாது. ஓடிய பிள்ளை தடுக்கி விழுகிறதா, கால் சோர்கிறதா, சிறுநீர் அடைக்கிறதா, தெரியாமல் போகிறதா? சத்துக்குறை என்று டானிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நரம்பு செத்தபின் குழாயை அடைத்தாலும் கால் திரும்பாமல் போகலாம். அன்றைக்கே முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.