மழை விட்ட மறுநாள் ஏன் தும்மல்? மரங்களின் மகரந்தம் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். மொட்டை மாடியில் மகரந்தப் பொறி வைத்து, காற்றில் வருவதை எண்ணுவதும் என் வேலையாக இருந்தது. வானிலை, மரம், மகரந்தம் பற்றி எதுவும் கேளுங்கள். நான் மருத்துவன் அல்ல. மாத்திரைப் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

திருச்சி வாசகர்: மழை பெய்தால் காற்று சுத்தமாகிவிடும் என்கிறார்கள். எனக்கோ மழை விட்ட மறுநாள்தான் அடுக்குத் தும்மல். ஏன் சார்?

நீங்கள் சொல்வதும் சரி, அவர்கள் சொல்வதும் சரி. நின்று பெய்கிற மழை, காற்றில் மிதக்கும் மகரந்தத்தைத் தரைக்கு இறக்கிவிடும். ஆனால் மரத்தில் இருக்கும் பூக்களை அது காலி செய்வதில்லை. மகரந்தப்பை வெடிக்க வேண்டுமென்றால் அதன் சுவர் காய வேண்டும். மழை நாளில் பை மூடியே கிடக்கும். மறுநாள் வெயில் ஏறி ஈரப்பதம் இறங்கியதும், தேங்கியிருந்தது மொத்தமும் ஒரே முற்பகலில் வெளியே வரும். தரை சூடாகி மேலெழும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொறி நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுக்கும். உள்ளே பசை தடவிய நாடா சுற்றிய உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஆக ஒரு நாள் என்பது 48 மில்லிமீட்டர் துண்டு. சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால் மகரந்தம் ரோஸ் நிறத்தில் தெரியும். மழை நாள் துண்டு வெறிச்சென்று இருக்கும். மறுநாள் துண்டில் காலை எட்டு மணி வரை ஒன்றிரண்டு. பத்து மணிக் கோட்டைத் தாண்டினால் மூக்குப்பொடி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

மழையை நம்பாதீர்கள். மழைக்கு அடுத்த வெயிலைப் பாருங்கள்.

சென்னை வாசகர்: தும்மலுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடலாமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

டோக்கியோ வாசகர்: இங்கே பிப்ரவரி பிறந்தால் ஊரே முகக்கவசம். "இந்த வருஷம் அதிகம்" என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

சுகி மரத்தைக் கேட்கிறீர்கள். தேவதாரு என்று மொழிபெயர்ப்பார்கள். உண்மையில் அது சைப்ரஸ் குடும்பம். அதன் ஆண் மொட்டுகள் முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். ஜூலையில் நல்ல வெயிலும் சூடும் இருந்தால் மொட்டு அதிகம், குளிர்ந்து மழையாகப் போனால் குறைவு. இலையுதிர் காலத்தில் ஆட்கள் காட்டுக்குப் போய் மொட்டுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். எவ்வளவு வரும் என்பது அப்படித் தெரியும். எப்போது வரும் என்பதற்கு ஜனவரி 1 முதல் அன்றாட வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வருவார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலை மலையாக நட்ட மரங்கள் இவை. 2019 கணக்கெடுப்பில் பத்தில் நான்கு பேருக்கு இந்த ஒவ்வாமை. மலையில் பகலில் கிளம்பும் மகரந்தம் காற்றோடு நகரத்துக்கு வந்து சேர நேரமாகும். சாயங்காலம் காற்று குளிர்ந்ததும், மேலே மிதந்த மகரந்தமும் இறங்கும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது கண் அரிப்பது அதனால்தான்.

கோவை வாசகர்: இலவம்பஞ்சு பறக்கும் நாட்களில் மூக்கு ஒழுகுகிறது. பஞ்சுதானே மகரந்தம்?

இல்லை. அது காய் வெடித்து வரும் பஞ்சு, பூ எப்போதோ முடிந்துபோனது. மகரந்தத் துகள் பெரும்பாலும் 20, 30 மைக்ரான்தான். தலைமுடியின் பருமனே அதைவிட அதிகம். கண்ணுக்குத் தெரிகிற பஞ்சின் மேல் பழி விழுகிறது. அதே வெயிலில் அதே காற்றில் வேறென்ன பறக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ராமநாதபுரம் வாசகர்: சுற்றிலும் சீமைக் கருவேலம். அதைச் சுத்தமாக வெட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதல்லவா?

அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும், சந்தேகமில்லை. ஆனால் தேனீயை நம்பி வாழும் மரம் அது. உலர் காற்றில் கொஞ்சம் பறக்கும், பெரும்பகுதி மரத்தருகிலேயே விழும். தொலைவில் சீமைக் கருவேலக் காடு இருப்பது வேறு, ஜன்னலை ஒட்டி நிற்பது வேறு.

அவரே: காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிற மரம் சார் அது! 2017-லேயே மதுரைக் கிளை நீதிமன்றம் அகற்றச் சொன்னதே?

நீதிமன்றம் சொன்னது உண்மை. காற்று ஈரத்தை உறிஞ்சுகிறது என்பது கதை. நிலத்தடி நீரை ஆழமாக இழுக்கும், அது தனி வழக்கு.

பரமக்குடி வாசகர்: எங்கள் ஊரில் இந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைப்பு. வெட்டச் சொல்கிறவர் மாற்றுவேலை தருவாரா?

நியாயமான கேள்வி, நான் பதில் சொல்லக்கூடியது அல்ல. ஆனால் ஒன்று: மூட்டத்துப் புகை குத்துகிற மூக்கை மகரந்தம் சீக்கிரம் தொல்லை செய்யும்.

ராமநாதபுரம்: ஜப்பான்காரன் மட்டும் வெட்டலாமா?

அவர்களும் மொத்தமாக வெட்டவில்லை. சுகித் தோட்டங்களைப் பத்தாண்டில் 20 சதவீதம் குறைப்பதென்று 2023-இல் முடிவெடுத்தார்கள். வெட்டிய இடத்தில் மகரந்தம் குறைந்த வகைகளையும் நடுகிறார்கள். அங்கே காற்றை நம்பும் மரம், இங்கே தேனீயை நம்பும் மரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இடி மழையில் வீசிங் வருமா?

வரலாம். மெல்போர்னில் 2016 நவம்பர் 21 மாலை இடிப்புயலின்போது பல்லாயிரம் பேருக்கு மூச்சுத்திணறி, 10 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் மரமல்ல, ரை என்ற புல்லின் மகரந்தம். முழு மகரந்தம் மூக்கிலேயே நின்றுவிடும். ஈரத்தில் ஊறி வெடித்தால் உள்ளிருக்கும் நுண்துகள்கள் நுரையீரல் வரை போகும். இடி இடித்தால் ஜன்னலைச் சாத்துங்கள், மண்வாசனையை அப்புறம் ரசிக்கலாம். இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சேலம் வாசகர்: நேற்று நல்ல மழை. இன்று ஏன் தும்மல்?

திருச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாமக்கல் வாசகர்: மழை பெய்தால் குறையத்தானே வேண்டும்?

திருச்சி, ஐயா. திருச்சி.

மதுரை வாசகர்: துணியை மொட்டை மாடியில் காயப்போடலாமா?

மழைக்கு மறுநாள் முற்பகலில் வேண்டாம். முக்கியமாகத் தலையணை உறை.

ராமநாதபுரம்: கடைசியாகச் சொல்லுங்கள் சார், வெட்டலாமா கூடாதா?

பள்ளிக்கூடச் சுவரையும் வீட்டு ஜன்னலையும் ஒட்டி நிற்பவற்றைப் பூக்கும் முன்னே வெட்டுங்கள். வேரோடு எடுங்கள், அடிக்கட்டையை விட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்.