கம்பிச் சக்கரத்துக்கு 3,500 பவுண்ட் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. மனைவி, மகளுடன் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வங்கியில் 26,000 பவுண்ட் இருக்கிறது. மாதம் 500 பவுண்ட் சேர்கிறது. குடும்பச் செலவு மாதம் 2,000 பவுண்ட். மகள் இன்னும் இரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகம் போவாள். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த கார் ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1971-இல் செய்தவை. ஒன்றில் புத்தம் புதிய குரோமியக் கம்பிச் சக்கரங்கள். விலை 17,500 பவுண்ட். மற்றதில் பெயின்ட் உரிந்த ராஸ்டைல் இரும்புச் சக்கரங்கள், விலை 14,000. கம்பிச் சக்கரம் இருந்தால் விலை இறங்காது, வங்கி வட்டியைவிட இதில் லாபம் அதிகம் என்கிறார் முதல் காரை விற்பவர். எதை வாங்கலாம்?

பதில்: முதல் காரை அந்த விலைக்கு வாங்காதீர்கள். இரண்டாவதை வாங்கலாம். ஆனால் 14,000 கொடுத்து அல்ல. அதன் அடித்தகட்டைப் பார்க்காமலும் அல்ல.

விற்பவர் சொல்லும் லாபத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். 14,000 பவுண்டுக்கு 4 சதவீத வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 560 பவுண்ட். கார் வாங்கினால் அந்த வரவு நின்றுவிடும். காப்பீடு, எண்ணெய் மாற்றுவது, பேட்டரி, சிறு பழுதுகள் என்று ஆண்டுக்கு 800 பவுண்டாவது ஒதுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 1,360. ஐந்து ஆண்டுகளில் 6,800. அதாவது 14,000 பவுண்டுக்கு வாங்கிய கார் 20,800-க்கு விற்றால்தான் கையைக் கடிக்காமல் தப்பிப்பீர்கள். 17,500 பவுண்ட் காருக்கு இதே கணக்கைப் போட்டால் 25,000 பவுண்டுக்கு விற்க வேண்டும். விலை அப்படி ஏறும் என்று எந்த நேர்மையான ஆலோசகரும் உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் வெளிவந்தன. இது அரிய பொருள் அல்ல. இளமையில் இதை ஓட்ட ஆசைப்பட்ட தலைமுறைக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. பிரிட்டனில் பயணிகள் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அதற்கு ஈடாக, நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. அடிக்கடி வாங்கி விற்றால் அது வியாபாரமாகி வருமான வரிக்குள் வந்துவிடும். உங்கள் நோக்கம் அதுவல்ல. வயது 40-ஐக் கடந்த கார் என்பதால் சாலை வரி இல்லை. பெரிய மாற்றங்கள் செய்யாத கார் என்றால் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. வரலாற்று வாகனம் என்று பதிவாகியிருந்தால் அதிகப் புகை விடும் வாகனங்களுக்கு லண்டனில் வசூலிக்கும் உலெஸ் கட்டணமும் இல்லை. ஹாரோவில் இருக்கும் உங்களுக்கு இது சிறிய சலுகை அல்ல. இரண்டு கார்களின் பதிவுச் சான்றிலும் அந்த வகை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்குக்கு அரசு விலக்கு எதுவும் உதவாது.

இப்போது சக்கரங்களுக்கு வருகிறேன். சக்கரமே மதிப்பாக இருக்கும் கார்கள் உண்டு. போர்ஷே 911 எஸ் உடன் 1966-இல் அறிமுகமான ஃபுக்ஸ் சக்கரங்கள் அச்சில் அடித்து உருவாக்கப்பட்ட அலுமினியம். பின்புறத்தில் அளவும் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் ஆண்டோடு அந்தத் தேதி பொருந்தினால் சேகரிப்பவர்கள் தனியாகவே பெரும் பணம் கொடுப்பார்கள். எம்ஜிபி அப்படிப்பட்டதல்ல. அதன் கம்பிச் சக்கரம் அந்தக் காலத்தில் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைத்த ஒரு வசதி. இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம். கடையில் கிடைக்கும் பொருளுக்குக் கடை விலைக்கு மேல் 3,500 பவுண்ட் கூடுதல் மதிப்பு எங்கிருந்து வரும்?

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்தே கம்பிச் சக்கரத்தோடு வந்ததா என்பது. ராஸ்டைல் சக்கரத்தை நான்கு நட்டுகள் பிடித்திருக்கும். கம்பிச் சக்கரமோ ஹப்பில், அதாவது அச்சு நுனியில் சக்கரம் பொருந்தும் பகுதியில், உள்ள பல்வரிசையில் செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டால் இறுக்கப்படுவது. அதற்கான பின் அச்சும் அகலம் குறைந்தது. இரும்புச் சக்கரக் காரில் இடையே ஒரு துண்டைப் பொருத்திக் கம்பிச் சக்கரத்தை மாட்டியிருந்தால் பின் டயர் மட்கார்டை உரசும் வாய்ப்பு இருக்கிறது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணம் வாங்கிக்கொண்டு, உற்பத்திப் பதிவேட்டின்படி சான்றிதழ் தருகிறது. முதல் நிறம் என்ன, தொழிற்சாலையில் என்னென்ன பொருத்தினார்கள் என்பது அதில் இருக்கும். 3,500 பவுண்ட் கேட்பவர் அந்தச் சான்றிதழைக் காட்டட்டும்.

புதுச் சக்கரம் பழைய தேய்ந்த ஹப்பில் மாட்டப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தேய்ந்த பற்கள் புதுப் பற்களையும் தின்றுவிடும். காரைக் கிளப்பும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் சக்கரப் பக்கமிருந்து 'டக்' என்று சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹப் பிடித்திருக்க, சக்கரம் மட்டும் அசைந்தால் பற்கள் போய்விட்டன. கம்பிகளை ஒரு பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. நான்கு ஹப்பும் சக்கரங்களும் மாற்ற நேர்ந்தால் செலவு ஆயிரம் பவுண்டை எளிதாகத் தாண்டும்.

ஆனாலும் அது திருத்தக்கூடிய செலவு. உண்மையில் பணத்தை விழுங்குவது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகடு. மெக்கானிக்குகள் அதை சில் என்பார்கள். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடற்கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கூரையில்லாத திறந்த காரில் அந்தப் பாரம் பெரும்பாலும் சில்லின் மீதே விழுகிறது. அது உள்ளே மூன்று அடுக்குத் தகடுகளால் ஆனது. நடு அடுக்கு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் வெளித்தகட்டை மாற்றிப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடலாம். வெளியே பார்த்தால் தெரியாது. முறையாகச் செய்ய வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்றி, உடல் தொய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்து, வெட்டி, வெல்டிங் செய்து, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து பல ஆயிரம் பவுண்ட் ஆகும். இதனால்தான் உடற்கூடு நன்றாக இருந்து சக்கரம் அசிங்கமாக இருக்கும் காரை நான் விரும்புகிறேன். ராஸ்டைல் சக்கரத்தை மணல் வீசிச் சுத்தம் செய்து, வெள்ளியும் கறுப்பும் அடிப்பது சில நூறு பவுண்டில் முடியும் வேலை. அது 1970-களின் தொடக்கத்து எம்ஜிபிக்கு உரிய முகமும்கூட. அந்தச் சக்கரத்தைக் குறையாக நினைக்காதீர்கள்.

இரண்டாவது காரின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடி மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ, மேல் இடைவெளி நெருங்கினாலோ சில்லில் வலு இல்லை. வெல்டிங் வேலையின்போது எடுத்த படங்களும் ரசீதுகளும் விற்பவரிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 2005-க்குப் பிறகு நடந்த தகுதிச் சோதனைகளின் விவரத்தை அரசு இணையதளத்தில் பதிவு எண் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் "துரு" என்று எழுதியிருந்து திடீரென்று அது மறைந்திருந்தால், அதைச் சரிசெய்த ரசீது எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை என்பதால் பள்ளம் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். பத்து ஆண்டு கடந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பணத்தின் நிலை இதுதான். ஆறு மாதக் குடும்பச் செலவான 12,000 பவுண்டைத் தொடவே கூடாது. மீதி 14,000. மாதம் சேரும் 500 பவுண்ட் மகளின் படிப்புக்கு. இரண்டு ஆண்டில் அது 12,000 ஆகிவிடும். கல்விக் கட்டணத்துக்கு அரசுக் கடன் கிடைத்தாலும், வாழ்க்கைச் செலவுக்கான கடன் பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். அந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ஆகவே காருக்கு மொத்தமாக இருப்பது 14,000. அதில் 1,500 முதல் ஆண்டுப் பழுதுக்கு. நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை 12,500. பேரம் அதற்குப் படியாவிட்டால், கூரையுள்ள எம்ஜிபி ஜிடி-யைப் பாருங்கள். பெரும்பாலான பாகங்கள் அதேதான், திறந்த காரைவிட விலை குறைவு, லண்டன் மழைக்கும் ஏற்றது.

வாங்கினால் காப்பீட்டை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் விபத்துக்குப் பின் நிறுவனம் மதிப்பிடுவதே விலை; இதில் தொகை முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். பெட்ரோல் போடும்போது எத்தனால் குறைவாகக் கலந்த இ5 பாருங்கள். 2021 முதல் வழக்கமாகக் கிடைக்கும் இ10 பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். இ5-க்கு லிட்டருக்கு விலை கூடுதல் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இந்த வார இறுதியில் இரண்டாவது காரைப் பார்க்கப் போகும்போது, எம்ஜி வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஜாக்கியில் தூக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.