சோலார் பண்ணைகளும் மாறும் சலுகைகளும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் போடும் கம்பெனிகளுக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது? (வாசகர், முதுகுளத்தூர்)

அப்படி நேராகக் கையில் பணம் கொடுப்பது பெரிய சோலார் பண்ணைகளுக்கு இப்போது வழக்கத்தில் இல்லை. தொடக்கத்தில் சில திட்டங்களுக்குக் கட்டுமானச் செலவில் துண்டு விழுந்த தொகையை மத்திய அரசு ஈடுகட்டியது உண்டு. மற்றபடி சலுகை வேறு வழிகளில்தான் வருகிறது.

ஒன்று வருமான வரி. போட்ட முதலீட்டில் 80 சதவீதத்தை ஒரே ஆண்டில் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முன்பு இருந்தது. கோவைப் பக்கத்து நூற்பாலைகள் காற்றாலைகளில் இறங்கியதற்கும் இந்த விரைவுத் தேய்மானம் பெரிய காரணம். 2017 ஏப்ரல் 1 முதல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது.

இன்னொன்று மின்தடக் கட்டணம். ராஜஸ்தானில் உற்பத்தியாகும் மின்சாரம் வேறு மாநிலத்துக்குப் போக, மாநிலங்களுக்கு இடையிலான மின்தடத்துக்குக் கட்டணம் உண்டு. 2025 ஜூன் 30-க்குள் உற்பத்தி தொடங்கிய சூரிய மின் திட்டங்களுக்கு அது முழுத் தள்ளுபடி. அதன் பிறகு வருபவர்களுக்குத் தள்ளுபடி ஆண்டுக்கு 25 சதவீதப் புள்ளி வீதம் குறைகிறது. ஒரு நாள் தாமதமானாலும் கணக்கு மாறும். அதனால் இந்தத் தொழிலில் மானியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள சோலார் பண்ணையின் மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய். இன்று ஏலத்தில் இரண்டரை, மூன்று ரூபாய்க்கே கிடைக்கிறதே. பழைய விலையை அரசு குறைக்கக் கூடாதா? (வாசகர், மதுரை)

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் விலை இறங்கிய வேகத்தையும் பாருங்கள். 2014 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 7.01 ரூபாய் நிர்ணயித்தது. 2016 மார்ச் இறுதியில் அதே ஆணையம் 5.10 என்றது. 2017-ல் மின்வாரியம் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது 3.47-க்கு வந்தது. ஏலம் விட்டாலே விலை இப்படி இறங்கும் என்றால், அதற்கு முன்பே ஏலத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிர்ணய விலையில் போட்ட ஒப்பந்தத்தின் சுமையை 25 ஆண்டுகள் சுமப்பது மின் நுகர்வோர்தான்.

அதற்காக, கையெழுத்துப் போட்ட பிறகு விலையைக் குறைப்பது சரியான வழி அல்ல. ஆந்திர அரசு 2019-ல் பழைய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கக் குழு அமைத்தது. வழக்கு நடந்து, ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் பணம் முடங்கி, கடன் கொடுத்த வங்கிகளும் தவித்தன. ஸ்பெயினில் இன்னும் மோசம். 2007-ல் தாராளமாக விலை அறிவித்தார்கள், 2008-ல் பண்ணைகள் குவிந்தன, 2010 முதல் முன்பே ஓடிக்கொண்டிருந்த பண்ணைகளின் வருமானத்திலும் கைவைத்தார்கள். முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள்.

உலகச் சந்தையில் பேனல் விலை சரிந்துவிட்டது என்கிறார்கள். இங்கே அந்த அளவுக்குக் குறையவில்லையே? (வாசகர், திருப்பூர்)

2022 ஏப்ரலில் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதமும் பேனலுக்குள் இருக்கும் சூரிய செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி வந்தது. 2024 ஏப்ரல் முதல், அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள பேனல்களைத்தான் பெரும்பாலான திட்டங்களில் பயன்படுத்த முடியும். உள்நாட்டுத் தொழிற்சாலை வளர வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்துக்கான செலவு மின்சார விலையில் சேர்கிறது. ஜிஎஸ்டி மட்டும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

இனி அரசு உதவி எதற்குப் போகும்? (வாசகர், சென்னை)

பேட்டரிக்கு. பகல் மின்சாரம் மலிந்துவிட்டது, தட்டுப்பாடு சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான். பேட்டரிச் சேமிப்புத் திட்டங்களின் முதலீட்டில் 40 சதவீதம் வரை உதவ 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

எங்கள் 12 ஏக்கர் மானாவாரி நிலத்தை 30 ஆண்டு குத்தகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

கொடுக்கலாம், அவசரப்படாதீர்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை, அதனால் உங்கள் நிலம் மட்டும் பெரிய பண்ணைக்குப் போதாது. பக்கத்து நிலங்களையும் பேசி முடித்துவிட்டார்களா, மின் கொள்முதல் ஒப்பந்தம் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் வருபவர் கம்பெனிக்காரர் அல்ல, தரகர். சலுகைக் கெடு முடிவதற்குள் நிலத்தைக் கட்டிவைத்து, பிறகு விற்பார்.

நான் பார்த்த ஒரு பத்திரத்தில், ‘உற்பத்தி தொடங்கிய நாள் முதல்’ குத்தகைத் தொகை தரப்படும் என்று இருந்தது. கெடு தவறித் திட்டம் நின்றுபோனால் நிலமும் மாட்டிக்கொள்ளும், காசும் வராது. பத்திரம் பதிவான நாள் முதல் தொகை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை தொடங்காவிட்டால் குத்தகை தானாக ரத்தாக வேண்டும். ஆண்டுதோறும் தொகை எத்தனை சதவீதம் கூடும், கடைசியில் கம்பியையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தரும் பவர் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் உங்கள் நிலத்தின் வழியே ஓடினால், வேலி போட்டு அதை அடைக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.