மல்லித் தோட்டத்தில் ஓர் அறிவுரை

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் செல்லம்பட்டிப் பக்கம். இப்போது மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. சிறுவயதிலேயே அப்பா தவறிவிட்டார். பெரியப்பாதான் வளர்த்தார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் மல்லி இருக்கிறது. அந்தப் பூவை விற்றுத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவர் மருந்தடித்துக்கொண்டிருந்தார். மேலுக்குச் சட்டை இல்லை, கைக்கு உறை இல்லை. வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்கு முன்னால் அதே செடிகளில் நான்கு பெண்கள் வெறுங்கையோடு பூப் பறித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. இயற்கை விவசாயம் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன், நிறைய வீடியோ பார்க்கிறேன். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "உங்களுக்கு உங்க உடம்பு மேலயும் அக்கறை இல்ல, பூப் பறிக்க வர்றவங்க மேலயும் அக்கறை இல்ல. மருந்தா ஊத்தி மண்ணையே கொன்னுட்டீங்க. கொஞ்சம் யோசிச்சா வேற வழி இருக்கு" என்றேன். அவர் நல்லதுக்காகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து கை கழுவிவிட்டு, "அப்ப நான் வெசத்த வித்துத்தான் ஒன்னயப் படிக்க வச்சேங்குற" என்றார். அதோடு சரி. போன் பண்ணினால் பெரியம்மாதான் எடுக்கிறார். நல்லது சொன்னது தப்பா? இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செ.

*

அன்புள்ள செ.,

உங்கள் பெரியப்பாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. "அக்கறை இல்ல" என்று இரண்டு தடவை வருகிறது. "கொன்னுட்டீங்க" வருகிறது. "கொஞ்சம் யோசிச்சா" என்று முடிகிறது. இவற்றில் எதுவும் மல்லிச் செடியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இல்லை. எல்லாமே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பற்றியவை. உங்கள் மனதில் இருந்தது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கையில் கிடைத்தது தீர்ப்பு. நல்லதுக்காகச் சொன்னேன் என்பது சொன்னவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கேட்டவருக்குச் சொல் மட்டும்தான் போய்ச் சேர்கிறது.

"கொஞ்சம் யோசிச்சா" என்பதைத்தான் இந்த மூன்றிலும் கடுமையானதாக நான் பார்க்கிறேன். அறிவுரை குத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வருடக்கணக்காக ஒரு கஷ்டத்தோடு வாழ்கிறவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். குழந்தையில்லாத தம்பதியிடம் ஆஸ்பத்திரி பெயர் சொல்கிறவர்கள், சர்க்கரைக்காரரிடம் பரோட்டாவை விடச் சொல்கிறவர்கள், வேலை கிடைக்காத பையனிடம் டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அதையெல்லாம் கேட்டு, முயன்று, ராத்திரி விழித்துக் கிடந்து யோசித்திருப்பார்கள். அந்த யோசனை முழுவதையும் நம்முடைய ஒரு வாக்கியம் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

உங்கள் பெரியப்பா எதையெல்லாம் யோசித்திருப்பார் என்று பார்ப்போம். மல்லி நெல்லைப் போல ஒருநாள் அறுத்து முடிக்கிற பயிர் இல்லை. பருவத்தில் தினமும் பறித்தாக வேண்டும். இன்று பறிக்காத மொட்டு ராத்திரி விரிந்துவிடும், விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் மல்லி விலைக்கு வாங்க மாட்டார்கள். மொட்டுப்புழு விழுந்தால் மொட்டைக் குடைந்து உள்ளே தின்னும், மொட்டு ஊதா நிறமாகிவிடும். அந்தப் பூவைக் கொண்டுபோனால் கமிஷன் கடையில் கொட்டும்போதே முகம் மாறும். மருந்தடித்தால் சில நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள், அது சரியும்கூட. ஆனால் தினமும் பறிக்கிற பயிரில் அந்தச் சில நாள் என்பது அத்தனை நாள் வருமானம். இந்த ஒரு முடிச்சு நீங்கள் பார்த்த வீடியோக்களில் எத்தனையில் வந்தது?

விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தக் குறியீட்டால் மாட்டுத்தாவணியில் காலை விலை நிலைத்துவிடவில்லை. வெயில் காலத்தில் பூ கொட்டும்போது கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும், மிஞ்சினால் செண்ட் கம்பெனிக்குப் போகும். பனிக்காலத்தில் செடி பூக்காதபோது விலை ஆயிரங்களில் நிற்கும். பொங்கலோ முகூர்த்த நாளோ வந்தால் இன்னும் ஏறும். விலை இருக்கும்போது பூ இல்லை, பூ இருக்கும்போது விலை இல்லை. கமிஷன் போக, பறிகூலி போக, கையில் நிற்பதை வைத்துக்கொண்டு உங்கள் செமஸ்டர் ஃபீஸ் கட்டியவர், புழு விழுந்த வாரத்தில் துணிந்து பரீட்சை செய்து பார்க்க முடியுமா? மருந்துக்கடைக்காரர் ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று சொல்கிறார், பெரியப்பா கேட்டுக்கொள்கிறார். ஏனென்றால் கடைக்காரர் அவர் யார் என்று கேட்கவில்லை, புழு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். மருந்தை விற்பதில் கடைக்காரருக்கு லாபம் இருக்கிறது. இருந்தும் பேச்சு அங்கே நடக்கிறது, உங்களோடு நடக்கவில்லை. இதை நீங்கள் வருத்தப்படாமல் கவனிக்க வேண்டும்.

உங்களுக்குப் பயன்படும் என்று நான் நினைக்கிற ஒரு சம்பவம் இந்தோனேசியாவில் நடந்தது. நெல்லில் புகையான் என்ற பூச்சியை ஒழிக்க அடித்த மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மற்றப் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றது. விளைவாகப் புகையான்தான் பெருகியது. 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஆனால் மருந்தை நம்பிப் பழகிய விவசாயிகளிடம் இதை யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது? ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 1989-ல் அங்கே வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாடம் நடத்தவில்லை. ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருமுறை விவசாயிகள் ஒரு வயலில் கூடுவார்கள், செடிக்குச் செடி பார்ப்பார்கள், எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்று எண்ணிப் படம் வரைவார்கள். "இது என்ன பூச்சி?" என்று ஒருவர் கேட்டால் நடத்துகிறவர் உடனே பெயரைச் சொல்லிவிடக் கூடாது. எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதைக் கடைசியில் விவசாயிகளே முடிவு செய்தார்கள். நம் வேளாண்மைத் துறையும் உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பெயரில் இதை நடத்துகிறது. அங்கே போனவர்களைக் கேட்டால், "நாமளே கண்டுபிடிச்சோம்ல" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு நிமிர்வு வரும்.

குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை தருகிறவர்களும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்து மடக்கிப் பேசினாரோ அந்த அளவுக்குச் சிகிச்சைக்கு வந்தவர் ஒரு வருடம் கழித்தும் குடித்துக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்து நியாயத்தைத்தான் தேடுவார். தேடத் தேட அந்த நியாயம் அவருக்கே உறுதிப்படும்.

இதெல்லாம் சொல்வதால், பெரியப்பா செய்வது சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நான்கு பெண்கள் விஷயத்தில் உங்கள் பதற்றம் முழுக்க நியாயமானது. மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஈரமாக இருக்கும் செடியில் வெறுங்கை படுகிறது, பறித்து முடித்து அந்தக் கையோடு தூக்குவாளியைத் திறக்கிறார்கள். பெரியப்பா தன் உடம்பை என்ன செய்துகொள்கிறார் என்பது அவருடைய முடிவு, அங்கே நீங்கள் அறிவுரைதான் சொல்ல முடியும். கூலிக்கு வருகிறவர்களின் உடம்பு அவருடைய முடிவுக்கு உட்பட்டது இல்லை. அங்கே உங்களுக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். ஆனால் அதை ஆட்சேபமாகவே சொல்லுங்கள். "பெரியப்பா, பறிக்கிற அத்தைகளுக்குக் கையுறையும், கை கழுவத் தண்ணியும் சோப்பும் இல்லாம இருக்கிறது எனக்கு ஒப்பல" என்றால் அதில் ஒரு காரியம் இருக்கிறது, அவர் செய்யவும் முடியும். உங்களுக்கு அக்கறை இல்லை என்றால் அதில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுக்கலாம், அல்லது எழுந்து போய்க் கை கழுவலாம். அவர் இரண்டாவதைச் செய்தார்.

நீங்கள் பேசிய பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. அவர் உடம்பைப் பற்றிய பயம், பெண்களுக்காக ஆட்சேபம், இயற்கை விவசாயத்தின் மேல் உங்களுக்கு வந்திருக்கும் ஈடுபாடு. மூன்றாவது புதியது, ஆகவே அதுதான் சத்தமாகப் பேசியது. முதல் இரண்டையும் அவர் கேட்கவே இல்லை.

இனி யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிற முடிவை விட்டுவிடுங்கள். அது பணிவு போலத் தோன்றினாலும், "இவர்களுக்கெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை" என்ற அடுத்த தீர்ப்பாகத்தான் வீட்டில் போய் இறங்கும். வளர்த்தவர் மருந்து நனைந்த வெற்றுடம்போடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளையாக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

போனில் பேச முயல வேண்டாம், நேரில் போங்கள். அக்கறை இல்லை என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை அவர் காதில் விழும்படி, பெரியம்மா இருக்கும்போதே சொல்லுங்கள், ஏனென்றால் அது பெரியம்மா முன்னால்தான் சொல்லப்பட்டிருக்கும். மருந்து பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. சமாதானத்துக்காக எல்லாவற்றையும் விழுங்கினால் அடுத்த முறை இன்னும் கோபமாக வெளியே வரும்.

பிறகு கேள்வி கேளுங்கள், உண்மையிலேயே தெரியாதவராக. எந்த மாதம் புழு அதிகம், எந்த மருந்துக்கு இப்போது அது சாவதில்லை, போன வருடம் மருந்துக்கு மட்டும் எவ்வளவு போனது, அடித்த ராத்திரி அவருக்குத் தலை வலிக்கிறதா. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வர நாளாகலாம். மருந்துப் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். லேபிளில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. வீட்டில் சிவப்பும் மஞ்சளும் இருந்தால், மருந்தே வேண்டாம் என்ற வாதத்துக்கு முன்னால் இந்த இரண்டு நிறங்களைப் பற்றிப் பேசலாம். முழுக்கைச் சட்டை, உறை, காற்றுக்கு எதிராக அடிக்காமல் இருப்பது, விடிகாலைப் பறிப்பு முடிந்த கையோடு அடித்து அடுத்த பறிப்புக்குள் முடிந்த அளவு இடைவெளி விடுவது: இவற்றுக்கெல்லாம் யாரும் கொள்கை மாற வேண்டியதில்லை.

இயற்கை வழிக்கு அவரை அழைக்க வேண்டுமானால் நவம்பர் கடைசியில் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, நடக்கும்போது லீவு போட்டுப் போய் நில்லுங்கள். வெட்டி முடித்துச் செடி மறுபடி துளிர்க்கிற வரை தோட்டத்தில் அவசரம் இல்லாத நாட்கள் அவை, பேசலாம். ஒன்றரை ஏக்கரையும் கேட்காதீர்கள். ஓரத்தில் நான்கு வரிசை கேளுங்கள். அதில் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறும், புழு விழுந்த மொட்டைக் கையால் பொறுக்கி அழிப்பதும், பூச்சியை வெளிச்சத்தால் இழுத்துப் பிடிக்கும் விளக்குப்பொறியும் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி 1965-லிருந்து அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குப் போக வர முடிகிற தூரம்தான், அளவும் நேரமும் அங்கே கேட்டுக்கொண்டு போங்கள். அந்த நான்கு வரிசையில் பூ குறைந்தால் அந்த நட்டத்தை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் வாங்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் சொல்லுங்கள், மனதார. வாரக் கடைசியில் வந்து அந்த வரிசைகளில் மொட்டைப் பொறுக்குவதும் நீங்களாகவே இருக்க வேண்டும்.

ஒருவேளை அந்த நான்கு வரிசையும் தோற்கலாம். அப்படியானால் அவர் உங்களிடம் சொல்லக்கூடிய அறிவுரைகள் சில இருக்கும், அப்போது நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.